பழைய பவானி ஜமக்காளத்தில் தைத்த துணிப்பெட்டிகள்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

நாகர்கோவிலில் ஆண்டுக்கு இரண்டு முறை மழைக்காலம் வரும். ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் அடுத்தடுத்து வந்து போவதால், சுவரோடு சேர்த்துக் கட்டிய சிமெண்டு அலமாரிகளில் வைக்கும் பொருள்கள் ஈரப்பதம் இல்லாமல் இருக்கும் மாதங்கள் மிகக் குறைவு. போர்வைகள், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்கள், மின்கம்பிகள், கொலு பொம்மைகள் ஆகியவற்றைப் பிரித்து வைப்பதற்காக நான்கு ஆண்டுகளுக்கு முன் இணையக் கடை ஒன்றில் ஆறு துணிப்பெட்டிகளை வாங்கினேன். பெட்டி என்று நான் சொல்வது, மேற்புறம் திறந்த, நான்கு சுவர்களும் ஒரு கைப்பிடியும் உள்ள, அலமாரித் தட்டில் இழுத்து வைக்கக்கூடிய துணிப் பெட்டியைத்தான். வாங்கியவை பார்வைக்கு அழகாகவே இருந்தன. ஆனால் அவற்றின் துணி நெய்த துணி அல்ல. பாலிப்ரொப்பிலீன் இழைகளை அழுத்தி ஒட்டிய, கடைகளில் 'நான் ஓவன்' என்று சொல்லப்படும் வகை. அது தானாக நிற்காது என்பதால் சுவர்களுக்குள் அட்டையை வைத்துத் தைத்திருந்தார்கள்.

முதல் மழைக்காலம் முடிவதற்குள் அந்த அட்டை ஈரத்தை உறிஞ்சி உப்பியது. இரண்டாம் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்தது. அட்டையை வெளியே எடுக்க வழியில்லாததால் பெட்டியைத் துவைக்கவும் முடியவில்லை. துவைக்க முடியாத துணிப்பொருள் எதுவும் எங்கள் ஊர் வீடுகளுக்கு ஏற்றதல்ல என்ற முடிவுக்கு அப்போதுதான் வந்தேன். இந்த மதிப்புரையில் நான் பெட்டிகளை எடைபோடும் முதல் அளவுகோலும் அதுவே: பெட்டியை முழுதாக நீரில் முக்கிக் கசக்கி வெயிலில் போட முடியுமா, போட்ட பின் அது பழைய வடிவத்துக்குத் திரும்புமா என்பது.

அதன் பிறகு நானே தைக்கத் தொடங்கினேன். காடா துணி, கேன்வாஸ், பழைய ஜீன்ஸ், ஜமக்காளம் என்று நான்கு வகைத் துணிகளில் இதுவரை பதினொரு பெட்டிகள் தைத்திருக்கிறேன். முதல் மூன்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காடா துணி விலை குறைவு, எந்த மெஷினிலும் தைக்கலாம், ஆனால் அதன் கஞ்சி போனதும் துணி குழைந்துவிடுகிறது. சட்டைக் காலருக்கு வைக்கும் பக்ரத்தை உள்ளே வைத்தால் ஓரளவு நிற்கும், இரண்டு முறை துவைத்தால் பக்ரமும் சுருண்டுகொள்ளும். கேன்வாஸ் முதன்முறை தைப்பவர்களுக்கு மிகவும் ஏற்றது. நடுத்தர உயரம் வரை உதவியின்றியே நிற்கும். ஜீன்ஸ் கால்களைப் பிரித்துத் தைத்த பெட்டி உறுதியானது என்றாலும், பெரிய பெட்டிக்கு வேண்டிய அகலம் ஒரே துண்டாகக் கிடைப்பதில்லை, ஒட்டுத் தையல் கூடிக்கொண்டே போகிறது. இந்த மூன்றையும் விட என் வீட்டில் நிலைத்திருப்பவை ஜமக்காளத்தில் தைத்தவையே. அவற்றைப் பற்றித்தான் விரிவாக எழுத விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் அம்மாவின் கல்யாணத்துக்குச் சீராக வந்த பவானி ஜமக்காளம் ஒன்று இருந்தது. மூன்றடிக்கு ஆறடி, சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள் குறுக்கே ஓடும். பந்தியிலும் பூசையிலும் விருந்தாளிகள் உட்கார்ந்தும் படுத்தும் நடுப்பகுதி நைந்து, இழைகள் மட்டும் தெரியும் நிலைக்கு வந்துவிட்டது. இரண்டு பக்கக் கரைகளோ புதிதுபோலவே இருந்தன. அதைத் தூக்கிப் போடவும் மனமில்லை, விரித்து உட்காரவும் வழியில்லை. பெட்டிக்குத் துணி தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான், ஜமக்காளம் எந்த இடத்தில் நைந்திருக்கிறதோ அந்த இடம் எனக்குத் தேவையே இல்லை என்பது புரிந்தது.

காவிரியும் பவானியும் கூடும் இடத்தில் இருக்கும் பவானி ஊரின் இந்த ஜமக்காளத்துக்கு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. குழித்தறியில் தடித்த பருத்தி நூலைக் கொண்டு நெய்வது. குறுக்கே ஓடும் ஊடை நூலை நெருக்கி நெருக்கி அடிப்பதால், நீளவாக்கில் ஓடும் பாவு நூல் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மூடிவிடுகிறது. இந்த நெருக்கம்தான் பெட்டிக்கு வேண்டிய விறைப்பைத் தருகிறது. பக்ரம், ஃபோம், அட்டை என்று எதையும் சேர்க்காமலே எட்டரை அங்குலச் சுவர் நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம் நெசவு; நான் அதில் செய்தது ஒன்றும் இல்லை. நெசவே விறைப்பைத் தருவதால் துவைத்தாலும் விறைப்பு போவதில்லை. காடா துணியின் விறைப்பு கஞ்சியில் இருந்தது, கடைப் பெட்டியின் விறைப்பு அட்டையில் இருந்தது. இரண்டையும் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

எந்தப் பருத்தித் துணியானாலும் வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காய வைத்தே ஆக வேண்டும். கேன்வாஸ் பெட்டியில் இந்தப் பாடத்தைக் கற்றேன். நாற்பத்தெட்டு அங்குல அகலத் துணியில் ஒரு மீட்டர் எடுத்தால் மூன்று பெட்டிகளுக்கான வெளித்துணி சரியாக வரும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டிருந்தேன்; நனைத்துக் காய்ந்த பின் முப்பத்தொன்பது அங்குல நீளம் முப்பத்தேழரையாகிவிட்டது, மூன்றாவது பெட்டிக்கு ஒன்றரை அங்குலம் பற்றவில்லை. நல்லவேளையாக வெட்டுவதற்கு முன்பே நனைத்தேன். தைத்த பின் சுருங்கியிருந்தால் உள்துணி ஒரு அளவிலும் வெளித்துணி ஒரு அளவிலுமாக இழுத்துக்கொண்டு பெட்டி கோணியிருக்கும். அம்மாவின் ஜமக்காளம் பலமுறை துவைத்ததுதான் என்றாலும் அதையும் இரவு முழுக்க வாளியில் ஊற வைத்தேன். காய்ந்தபோது அகலம் முப்பத்து நான்கரை, நீளம் அறுபத்தொன்பது அங்குலம் இருந்தது.

இனி வெட்டும் கணக்கு. அடிப்பகுதி பன்னிரண்டுக்கு எட்டு அங்குலம் உள்ள பெட்டிக்கு, முன்னும் பின்னுமாக இரண்டு துண்டுகள் வேண்டும். அடிப்பகுதியின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, இரு பக்கமும் தையலுக்கு அரை அரை அங்குலம் விட்டால் துண்டின் அகலம் இருபத்தொன்று. பெட்டியின் உயரமான எட்டோடு அடிப்பகுதி அகலத்தின் பாதியான நான்கைக் கூட்டி, மேலும் கீழும் அரை அரை அங்குலம் விட்டால் துண்டின் உயரம் பதின்மூன்று. ஒவ்வொரு துண்டின் கீழ் மூலைகள் இரண்டிலும் நான்கு அங்குலச் சதுரத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும். பக்கத் தையலையும் அடித் தையலையும் முடித்த பிறகு, வெட்டிய அந்த மூலையை விரித்து இரு தையல்களும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி வைத்துத் தைத்தால் பெட்டியின் அடி தட்டையாகிவிடும். எல்லாத் தையலுக்கும் ஒரே அரை அங்குலம் பிடித்தால் இந்தக் கணக்கு பிசகாது. வேறு அளவில் பெட்டி வேண்டுமென்றாலும் முறை இதுவே: வெட்டும் சதுரம் எப்போதும் அடி அகலத்தில் பாதி.

இந்தத் துண்டுகளை ஜமக்காளத்தின் எந்தப் பகுதியிலிருந்து எடுப்பது என்பதில்தான் வேலையின் சூட்சுமம் இருக்கிறது. நான் ஒரு பக்கக் கரையை ஒட்டி மூன்று துண்டுகளையும், எதிர்ப்பக்கக் கரையை ஒட்டி மூன்று துண்டுகளையும் எடுத்தேன். இப்படி எடுத்தால் ஒவ்வொரு துண்டின் மேல் விளிம்பாக ஜமக்காளத்தின் கரையே வந்து அமைகிறது. கரை பிரியாது, அதை மடித்துத் தைக்க வேண்டியதில்லை, அதனால் பெட்டியின் வாய்ப்பகுதியில் கனம் கூடுவதில்லை. மேலே மடிப்புக்கென்று விட்ட அரை அங்குலமும் மிச்சமாகி, பெட்டியின் உயரம் எட்டுக்குப் பதில் எட்டரை அங்குலமாகக் கிடைத்தது. நடுவில் மிஞ்சியது எட்டரை அங்குல அகலமுள்ள நீண்ட பட்டை. நைந்துபோன பகுதி முழுவதும் அந்தப் பட்டைக்குள்ளேயே அடங்கிவிட்டது. குறுக்கே ஓடிய வண்ணப் பட்டைகள் பெட்டியில் மேலிருந்து கீழாக நிமிர்ந்து நிற்கின்றன. ஒரு பழைய ஜமக்காளத்தில் மூன்று பெட்டிகள், ஒன்றிலும் நைந்த இடம் இல்லை.

வெட்டும்போது அவசரப்படக் கூடாது. முதல் துண்டை நான் கோடு போட்டு நேராகக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன். வெட்டிய ஓரத்தைப் பிடித்துத் தூக்கியதும் ஊடை நூல் ஒவ்வொன்றாகக் கழன்று மடியில் விழுந்தது; தடுக்கத் தடுக்க அரை அங்குலம் போய்விட்டது, தையலுக்கு விட்டிருந்ததே அந்த அரை அங்குலம்தான். அதன் பிறகு முறையை மாற்றிக்கொண்டேன். வெட்ட வேண்டிய கோட்டுக்கு இருபுறமும் ஒரு நூல் தள்ளி (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) நெருக்கமான தையல் ஒன்றை ஓட்டிவிட்டு, இரு தையல்களுக்கும் நடுவே வெட்டினேன். மூலைச் சதுரங்களையும் இப்படியே தைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவாகும், ஆனால் ஒரு இழைகூடக் கழலாது. ஓவர்லாக் மெஷின் வைத்திருக்கும் தையற்கடையில் கொடுத்தும் ஓரம் அடித்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள்ளேயே ஓரம் பிரியும் என்பதால் அப்போதும் முதலில் ஒரு தையல் தேவைப்படும்.

என்னிடம் இருப்பது கால்மிதி கறுப்பு மெஷின். அதில் பதினெட்டாம் நம்பர் ஊசி போட்டு, தையல் நீளத்தைக் கூட்டி, பாலியெஸ்டர் நூலில் தைத்தேன். நேரான பக்கத் தையல்களில் எந்தச் சிக்கலும் வரவில்லை. மூலைதான் சோதனை. பக்கத் தையலும் அடித் தையலும் சந்திக்கும் இடத்தில், தையலுக்கு விட்ட மடிப்புகளையும் சேர்த்தால் ஜமக்காளம் நான்கு அடுக்காகிவிடுகிறது. முதல் பெட்டியின் இரண்டு மூலை வேலையில் மூன்று ஊசிகள் உடைந்தன. ஊசியை மாற்றினேன், நூலை மாற்றினேன், பாபின் டென்ஷனைத் தளர்த்தினேன், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் பள்ளிப் பைகள் தைக்கும் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பெட்டியை வாங்கி மூலையை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, ஊசியக் குத்தம் சொல்லாதீங்க, மூலையில துணியக் கொறைங்க" என்றார்.

அவர் காட்டிய முறை எளிது. பக்கத் தையலின் மடிப்பை இரண்டாகப் பிளந்து ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் படுக்க வைக்க வேண்டும்; அடித் தையலின் மடிப்பையும் அப்படியே விரித்துவிட வேண்டும்; மூலையில் சந்திக்கும் முனைகளைச் சாய்வாக நறுக்கிவிட வேண்டும். பிறகு அந்த இடத்தைச் சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் மேடு பாதியாகத் தணிந்துவிடும். நான் வீட்டில் சுத்தியலுக்குப் பதில் இஞ்சி தட்டும் சிறு குழவியைப் பயன்படுத்துகிறேன். மேட்டை நெருங்கும்போது மிதிப்பதை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாக ஏற்ற வேண்டும். அழுத்தும் பாதம் மேட்டில் ஏறிச் சாய்ந்து நின்றால், பாதத்தின் பின்பக்கத்துக்கு அடியில் அதே கனத்துக்கு மடித்த துணித்துண்டைச் செருகினால் பாதம் மட்டமாகி, ஊசி நேராக இறங்கும். ஊசி உடைந்ததற்குக் காரணம் துணியின் கனத்தைவிடப் பாதம் சாய்ந்து நின்றதுதான் என்பதை அந்தத் துணித்துண்டைச் செருகிய பிறகே உணர்ந்தேன். அடுத்த இரண்டு பெட்டிகளிலும் ஒரு ஊசிகூட உடையவில்லை.

உள்துணிக்கு அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியை எடுத்துக்கொண்டேன். ஜமக்காளத்தின் உள்பக்கம் கரடுமுரடாக இருப்பதால் சிறு பொருள்கள் இழையில் மாட்டும், பஞ்சும் ஒட்டும், உள்துணி அதற்காகத்தான். வெளித்துணிக்கு வெட்டிய அதே அளவில் வெட்டி, தையலை மட்டும் ஒரு நூல் கூடுதலாக உள்ளே பிடித்துத் தைத்தால் உள்துணி சற்றே சிறிதாகி, பெட்டிக்குள் சுருக்கமில்லாமல் உட்காரும். அதன் மேல் விளிம்பை அரை அங்குலம் மடித்து, ஜமக்காளக் கரைக்கு அரை அங்குலம் கீழே வைத்துச் சுற்றிலும் ஒரு தையல் போட்டேன்.

இங்கே ஒரு தவறு நேர்ந்தது. பலமுறை துவைத்த ஜமக்காளம்தானே, சாயம் இனிப் போகாது என்று நம்பி வெள்ளை வேட்டியைச் சேர்த்துத் தைத்துவிட்டேன். முதல் முறை பெட்டியைத் துவைத்துக் காயப் போட்டபோது, தண்ணீர் வடிந்து தேங்கிய அடிமூலைகளில் வேட்டி இளஞ்சிவப்பாகிவிட்டது. ஜமக்காளத்தை ஒரே துணியாக விரித்துக் கொடியில் போடும்போது நீர் சீராக வடிந்துவிடுகிறது. பெட்டியாகத் தைத்த பின் நீர் ஒரு மூலையில் தங்கி மெல்லக் காய்வதால், மிச்சமிருக்கும் கொஞ்சச் சாயமும் அங்கே வந்து சேர்ந்துவிடுகிறது. கல்லுப்புப் போட்ட நீரில் ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்று பலரும் சொல்வார்கள். நான் செய்து பார்த்தேன், அதனால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. நீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்ப அலசுவதும், உள்துணியாக அடர்நிறத்தைத் தேர்ந்தெடுப்பதும்தான் வழி. இரண்டாம் பெட்டிக்குப் பழைய நீலக் கட்டம் போட்ட லுங்கியை வைத்தேன். அதில் எந்தக் கறையும் தெரியவில்லை.

கைப்பிடிக்கு முதலில் நடுவில் மிஞ்சிய ஜமக்காளப் பட்டையிலேயே நைந்திராத ஒரு பகுதியை எடுத்து நான்காக மடித்துத் தைக்கப் பார்த்தேன். அது பெட்டிச் சுவரோடு சேரும் இடத்தில் ஐந்தடுக்காகி, எந்த வீட்டு மெஷினும் ஏறாத கனம் ஆகிவிட்டது. பிறகு நாடாக் கட்டில் பின்னுவதற்கான தடித்த பருத்தி நாடாவை வாங்கி வைத்தேன். அது ஒரே அடுக்கு, எடை தாங்கும், துவைத்தால் சாயமும் விடாது. நாடாவின் இரு முனைகளையும் சுவரின் மேல் பாதியில் ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைத்தால் போதும். நைலான் பெல்ட்டும் உறுதியானதே. ஆனால் கனமான பெட்டியை இழுக்கும்போது கையை அறுக்கிறது.

அடியில் வைக்கும் பலகையைத் தைத்து மூடிவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கடைப் பெட்டிகளில் நான் கண்ட குறையே அதுதான். விளம்பரப் பலகைகளுக்குப் பயன்படும் சன்போர்டில் பதினொன்றே முக்காலுக்கு ஏழே முக்கால் அங்குலம் வெட்டி, அதற்கு ஒரு தலையணை உறைபோல் துணி உறை தைத்து, பெட்டியின் அடியில் சும்மா வைத்திருக்கிறேன். துவைக்கும் நாளில் எடுத்து வெளியே வைத்துவிடலாம். ஒரு பெட்டிக்குச் சன்போர்டு கிடைக்காமல் பழைய அரிசிச் சாக்கின் பிளாஸ்டிக் துணியை நான்காக மடித்து உறைக்குள் வைத்துத் தைத்தேன். அதுவும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த உறையை ஒருபோதும் இஸ்திரி போடக் கூடாது. பருத்திக்கு வைக்கும் சூட்டில் அந்தச் சாக்கு உருகி இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த மூன்று பெட்டிகளும் நான்கு மழைப்பருவங்களைக் கண்டுவிட்டன. ஒன்றில் பாடப்புத்தகங்கள், ஒன்றில் போர்வைகள், ஒன்றில் கொலு பொம்மைகள். புத்தகப் பெட்டிதான் அதிகம் உழைத்தது. பிள்ளைகள் அதைத் தரையில் இழுத்துக்கொண்டே அறைக்கு அறை போவார்கள். அடிமூலையில் ஊடை நூல் சற்றுப் பிசிறியிருக்கிறதே தவிர ஓட்டை விழவில்லை. கைப்பிடித் தையல் அசையவில்லை. சுவர்களும் முதல் நாள் நின்றதுபோலவே நிற்கின்றன. உள்ளே பொருள் இல்லாதபோது மட்டும் நீளமான பக்கச் சுவர் நடுவில் கொஞ்சம் உள்வாங்குகிறது. பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் நீளமான பெட்டி தைப்பவர்கள் இதை எதிர்பார்க்க வேண்டும். கொலு பொம்மைகளை முன்பு அட்டைப் பெட்டியில் வைக்கோலும் செய்தித்தாளும் போட்டுப் பரணில் ஏற்றுவோம். ஒவ்வொரு புரட்டாசியிலும் இறக்கும்போது ஒன்றிரண்டு காகிதக்கூழ் பொம்மைகளில் பூஞ்சணம் படிந்திருக்கும். பழைய பருத்திச் சேலைத் துண்டுகளில் சுற்றி இந்தப் பெட்டியில் வைத்த பிறகு இரண்டு முறை இறக்கியிருக்கிறோம். ஒரு பொம்மையிலும் பூஞ்சணம் இல்லை. பருத்தி காற்றை உள்ளே விடுகிறது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். மண் பொம்மைகளுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: சுவரே மெத்தென்று இருப்பதால் ஓரம் உடைவதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். காலிப் பெட்டியே அரைக் கிலோவை நெருங்கும்; பொருள்களோடு பரணில் ஏற்றி இறக்க வேண்டுமென்றால் இருவர் இருப்பது நல்லது. துவைத்தால் நல்ல வெயிலிலும் இரண்டு நாள் காய வேண்டும், ஆகவே மழை மாதங்களில் துவைப்பதைத் தவிர்க்கிறேன். மார்ச், ஏப்ரலில் ஒருமுறை துவைத்துக் கவிழ்த்துக் காயவைப்பதே எங்கள் வழக்கமாகிவிட்டது. வெங்காயம், பூண்டு போன்றவற்றுக்கு இது சரிப்படாது; அவற்றுக்கு மூங்கில் கூடையின் இடைவெளிகள் வேண்டும். பிளாஸ்டிக் உடல் கொண்ட சிறிய மேசை மெஷின் வைத்திருப்பவர்கள் மூலைத் தையலை மட்டும் பை தைப்பவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. மெஷினை வருத்தி ஊசியை உடைப்பதில் பயனில்லை. முதல் தடவை தைப்பவர்கள் கேன்வாஸில் ஒரு பெட்டி தைத்துக் கைபழகிய பின் ஜமக்காளத்துக்கு வரட்டும் என்றே சொல்வேன்.

இதற்கென்று புதிய ஜமக்காளம் வாங்கலாமா என்று உறவினர் பலர் கேட்டார்கள். பவானிக்குப் போயிருந்தபோது நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடை ஒன்றில் அதே மூன்றடிக்கு ஆறடி அளவில் ஒன்று வாங்கித் தைத்தும் பார்த்தேன். நடுப்பகுதி நையாததால் துண்டுகளை மாற்றி அடுக்கி, ஒரு வரிசையில் குறுக்காக ஐந்தும் இன்னொரு வரிசையில் நீளவாக்கில் மூன்றுமாக எட்டுத் துண்டுகள், அதாவது நான்கு பெட்டிகள் எடுக்க முடிந்தது. ஆனால் சில பெட்டிகளில் வண்ணப் பட்டை நெட்டாகவும் சிலவற்றில் படுக்கையாகவும் வந்துவிட்டது. எல்லாப் பெட்டிக்கும் கரை மேல் விளிம்பாக அமையவும் இல்லை. செலவும், கடையில் வாங்கிய பெட்டிகளைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆனது. எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. ஒருவர் குழித்தறியில் உட்கார்ந்து நெய்த முழுத் துணியைப் பிரித்து முதல் நாளே வெட்டுவதற்குக் கை வரவில்லை. விரிப்பதற்கென்று நெய்தது விரிப்பாக உழைக்கட்டும். அது நைந்த பிறகு பெட்டியாகலாம். உடனே பெட்டி வேண்டும் என்பவர்களுக்குக் கேன்வாஸே போதும்.

அப்படியும் புதிதாக வாங்குபவர்கள் கைத்தறியில் நெய்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட பதினொரு வகைப் பொருள்களில் ஜமக்காளமும் ஒன்று. அப்படியிருந்தும் விசைத்தறியில் நெய்தவை பவானி என்ற பெயரிலேயே சந்தையில் விற்கப்படுகின்றன. 2006இல் அறிமுகமான கைத்தறி முத்திரை துணியில் இருக்கிறதா என்று பார்க்கலாம். பெட்டி தைப்பவர்களுக்கு இதில் நடைமுறைக் காரணமும் உண்டு: மலிவு விலைக்கு ஒருமுறை நான் வாங்கிய ஜமக்காளம் பார்வைக்கு அதேபோல இருந்தாலும், நெசவு தளர்ந்து, விரலால் தள்ளினாலே ஊடை நூல் நகர்ந்தது. அதில் தைத்திருந்தால் சுவர் நின்றிருக்காது. வாங்கும் முன் ஒரு மூலையைப் பிடித்து நிமிர்த்திப் பாருங்கள். ஒரு சாண் உயரத்துக்குத் தொய்யாமல் நின்றால் அது பெட்டிக்கு ஆகும்.

மூன்றாவது பெட்டியில் நான் செய்த ஒரு பிழை இன்னும் திருத்தப்படாமல் இருக்கிறது. கைப்பிடியை நீளமான பக்கத்தில் வைத்துவிட்டேன். எங்கள் அலமாரித் தட்டு ஒரு அடிக்கு மேல் ஆழம் உள்ளது. பெட்டிகளைக் குறுகிய பக்கம் முன்னால் வரும்படி அடுக்கினால்தான் ஒரு தட்டில் மூன்று கொள்ளும், அப்போது கைப்பிடி பக்கத்துப் பெட்டிக்குள் மறைந்துவிடுகிறது. தைக்கத் தொடங்கும் முன் பெட்டியை அலமாரியில் எந்த வாக்கில் வைக்கப்போகிறோம் என்று ஒரு செய்தித்தாளை மடித்து வைத்துப் பார்த்துவிட்டுக் கைப்பிடிக்கு இடம் குறித்துக்கொள்ளுங்கள். நான் பழைய நாடாவைப் பிரித்துக் குறுகிய பக்கத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பொம்மைகளை இறக்கும் புரட்டாசிக்குள் தைத்து முடித்துவிட வேண்டும்.